கடற்கரை வீட்டில் நரைத்துப்போன மரத்தளத்தை மீட்க முடியுமா?

மரத்தளம் சாம்பலாக வெளுத்துவிட்டது, கழுவி வார்னிஷ் அடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் தச்சன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆனால் இதே தவற்றைச் செய்து கைப்பணத்தை இழந்தவன்.

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டின் பின்புறம், கடலைப் பார்த்தபடி, என் தந்தையார் போட்ட தேக்குப் பலகைத் தளம் இருக்கிறது. மரநார்களைப் பிணைக்கும் லிக்னினை வெயில் சிதைக்க, மழை அதைக் கரைத்துச் செல்ல, மிஞ்சும் நாரே அந்தச் சாம்பல் நிறம் என்பதை அறியாமல், வண்டி கழுவும் பம்பால் பீய்ச்சியடித்தேன். மறுநாள் பலகை பூனை முதுகுபோல் சிலிர்த்து நின்றது. அதன்மேலேயே வார்னிஷ் பூசினேன். ஆடிக் காற்று ஓய்வதற்குள் அது வெங்காயச் சருகாக உரிந்து பறந்தது.

பிறகு வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவர் வந்து, உளி முனையால் ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்து, "உள்ளே மரம் நல்லாத்தான் இருக்கு சார், மேல்தோல்தான் போச்சு" என்றார். முனை இறங்கிய இரண்டு பலகைகளை மட்டும் மாற்றினோம். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினோம். அவற்றைச் சுற்றியிருந்த கருவளையம், துரு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்த கறை, சோப்புக்கு மசியாது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பூசி (அது நஞ்சு), 20 நிமிடம் கழித்துத் தேய்த்தபோது தேன் நிறம் எட்டிப் பார்த்தது.

அலசுவதற்குக் கிணற்று உப்புநீர் ஆகாது. உப்பு மரத்தில் தங்கி ஈரத்தை இழுக்கும். குடிநீரையே குடம் குடமாக விலைக்கு வாங்கும் எங்கள் வீட்டில், பலகைக்கு நல்ல தண்ணீரா என்று எழுந்த பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. "டைல்ஸ் ஒட்டினால் தீர்ந்தது" என்று சொல்ல வருவோர், சித்திரை நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு நின்றுவிட்டு வரட்டும்.

நன்றாகக் காய்ந்தபின் 60, அடுத்து 80 எண் உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் தேய்த்தேன். அதற்குமேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. பிடுங்கிய ஆணிகளுக்குப் பதிலாகத் திருகாணி போடும்போது, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசலாம் என்றார் ஆசாரி. வள்ளத்துக்குச் சரி, ஆனால் அது தோலைப் புண்ணாக்கும் என்பதால் நான் ஒப்பவில்லை. பூஞ்சணத் தடுப்பு கலந்த மரத்தள எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை பூசினேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெகு முன்பே, மாசியிலோ பங்குனியிலோ தொடங்குங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.