கம்பளிக் கணக்கு

அன்புள்ள அம்மா,

வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்துக்குப் போனேன். அங்கே ‘சதர்ன் ஹிஸ்டாரிக்கல் கலெக்‌ஷன்’ என்று ஒரு தொகுப்பு. அமெரிக்கத் தெற்கின் பழைய குடும்பங்களுடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கேமரன் குடும்பத்தின் கடிதங்களைக் கொஞ்சம் படித்தேன். டங்கன் கேமரனின் மகள்கள் காசநோயில் ஒருவர் பின் ஒருவராகப் போயிருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. அடிமைகளை வைத்திருந்த பெரிய பண்ணைக்காரர்தான், ஆனாலும் நல்ல மனிதராகத் தெரிகிறார். நம்மிடம் ஏன் இப்படி எதுவும் இல்லை? ஓலைச்சுவடியை ஆற்றில் விட்ட கூட்டம்தானே நாம்.

ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. டிசம்பரில் போகிறேன். கடிதங்களையும் டைரிகளையும் மட்டும் எடுத்து ஸ்கேன் செய்துவிட்டு, நெல் கணக்கு, கூலிக் கணக்கு, ரசீது மாதிரியான குப்பையைக் கழித்துவிடலாம் என்றிருக்கிறேன். எந்த ஸ்கேனர் வாங்கலாம்? இதை வைத்துக் குடும்ப வரலாறு ஒன்று எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

பெட்டியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சில வருடங்களுக்கு முன்னால் மகள் வீட்டுக்கு ராலே வந்திருந்தபோது நானும் அதே நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பையைப் பூட்டி வைத்துவிட்டு, பேனாவை விட்டுவிட்டு, பென்சிலோடு உள்ளே போய், ஒரு நேரத்துக்கு ஒரு கோப்புறை என்று வாங்கிப் படிக்கிற அந்த ஒழுங்கு எனக்கும் பிடித்தது. கேமரன் குடும்பக் காகிதங்களைத்தான் நானும் கேட்டேன், சுமார் 33,000 உருப்படிகள் இருக்கின்றன, நான் பார்த்தது ஒரு ஓரம். அன்றிலிருந்து மனதில் கிடக்கிற ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால்தான் இந்தப் பதில், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘நம்மிடம் ஏன் இல்லை’ என்ற புலம்பலை முதலில் விடுங்கள். வெளிநாட்டில் ஒரு நல்ல நூலகத்தைப் பார்த்த அன்று சாயங்காலம் எல்லாத் தமிழர்களும் எழுதுகிற கடிதம் இது. அமெரிக்கத் தெற்கு ஒன்றும் காகிதத்தின் மேல் உள்ள பக்தியால் இதைச் சேர்க்கவில்லை. 1930இல் இந்தத் தொகுப்பைத் தொடங்கிய ஜே. ஜி. டி ரூலாக் ஹாமில்டன், காரை எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போய், பழைய பண்ணைக் குடும்பங்களின் பரண்களைக் காலி செய்து கொண்டுவந்தவர். பக்கத்து மாநிலத்துக்காரர்கள் அவரைச் சூறையாடுகிறவர் என்றே கேலி செய்தார்கள். மனிதர் வரலாற்றாசிரியர் வில்லியம் டன்னிங்கின் மாணவர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களுக்கு ஓட்டும் பதவியும் கிடைத்த அந்தச் சில வருடங்களைப் பெரிய அநியாயம் என்று சித்தரித்து 1914இல் தடிமனாக ஒரு புத்தகமும் எழுதியவர். அவர் சேர்த்தது வெள்ளைக்காரத் தெற்கின் பெருமையை. இதே பல்கலைக்கழகம்தான் 1938இல் பாலி மரே என்ற கறுப்பினப் பெண் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது நிறத்தைக் காட்டிக் கதவைச் சாத்தியது. அவருடைய முன்னோர் சேப்பல் ஹில் பக்கத்தில்தான் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களைப் பற்றிய காகிதம் உள்ளே வரலாம், அவர்களின் பேத்தி வரக்கூடாது.

அடுத்த வருடம் நடந்த கூத்து இன்னும் ருசியானது. ஜான் ஹோப் ஃப்ராங்க்ளின், பின்னாளில் அமெரிக்காவின் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவர், அப்போது ஹார்வர்டு மாணவர். 1939இல் ராலேயில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்கு வருகிறார். இயக்குநர் நேராகவே சொல்கிறார்: இந்தக் கட்டடத்தைக் கட்டியபோது ஒரு நீக்ரோ இங்கே ஆராய்ச்சி செய்ய வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. சில நாள் அவகாசம் கேட்டு, தனியாக ஒரு அறையை ஒழித்து, மேசை நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பந்திகள் இவருக்குக் காகிதம் எடுத்துத் தருவது முறையாகாது என்பதால், அடுக்குகள் இருக்கும் அறையின் சாவியையே இவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள், நீயே போய் எடுத்துக்கொள் என்று. அவரும் தள்ளுவண்டியோடு போய் வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார். கொஞ்ச நாளில் வெள்ளைக்கார ஆய்வாளர்கள் எங்களுக்கும் சாவி வேண்டும், இது பாரபட்சம் என்று புகார் செய்ய, சாவி திரும்ப வாங்கப்பட்டு, அதே சிப்பந்திகள் அவருக்கும் எடுத்துத் தர வேண்டியதாகிறது. இதைப் படித்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் அந்தச் சிரிப்போடு ‘நம்மிடம் ஏன் இப்படி எதுவும் இல்லை’ என்ற உங்கள் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது குப்பையைப் பற்றி.

நீங்கள் ரசித்த கடிதங்களை நானும் படித்தேன். அழகான கையெழுத்து, அழகான சோகம். பக்கத்து மேசையில் வயதான ஒரு கறுப்பினப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். அவர் கடிதங்கள் இருந்த கோப்புறையை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கணக்குப் புத்தகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. யாருக்கு எத்தனை கம்பளி கொடுத்தோம், யாருக்குக் காலணி, யாருக்கு எத்தனை கெஜம் துணி, எந்த வருடம் எவளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்ற பட்டியல்கள். வெளியே வராந்தாவில் பேச்சுக் கொடுத்தபோது, பாட்டியின் பாட்டி பெயரைத் தேடுகிறேன் என்றார். கடிதங்களில் இருக்காதா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர்கள் எதற்கு எங்களைப் பற்றிக் கடிதம் எழுதப்போகிறார்கள், யாராவது ஓடிப்போனால் எழுதுவார்கள், என் பாட்டி ஓடவில்லை என்றார்.

இதன் பின்னால் உள்ள விவரம் தெரிந்தால்தான் அந்தப் பதிலின் கனம் புரியும். 1850இலும் 1860இலும் எடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் முதலாளியின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே வரிசையாக வயது, பாலினம், நிறம். முப்பத்தைந்து வயது, பெண், கறுப்பு. நாலு வயது, ஆண், கறுப்பு. பெயர் கிடையாது. விடுதலைக்குப் பிறகு 1870இல் நடந்த கணக்கெடுப்பில்தான் அந்த மக்களுக்குப் பெயரும் குடும்பப் பெயரும் ஏறுகின்றன. கறுப்பின அமெரிக்கர் ஒருவர் தன் குடும்பத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால் 1870இல் போய் நின்றுவிடுவார். அதற்கு அப்பால் போக அவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுகிற வழி, தன் முன்னோரைச் சொத்தாக வைத்திருந்த குடும்பத்தின் உயில், விற்பனைப் பத்திரம், பாகப்பிரிவினைப் பட்டியல், இந்தக் கம்பளிக் கணக்கு. அரசாங்கம் பெயரை எழுதவில்லை, முதலாளிகூட மரியாதைக்காக எழுதவில்லை, இரண்டு தடவை கம்பளி கொடுத்துவிடக் கூடாதே என்று எழுதினான். அந்தக் கஞ்சத்தனம்தான் இன்று ஒரு குடும்பத்துக்குப் பாட்டி பெயரைத் தருகிறது.

அந்தப் பட்டியல்களை யாரும் பொருட்படுத்தாமல் கிடந்து, பிறகு ஹெர்பர்ட் கட்மன் என்ற வரலாற்றாசிரியர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார். 1965இல் அரசுக்காக எழுதப்பட்ட மொய்னிஹன் அறிக்கை, கறுப்பினக் குடும்பம் சிதைந்துகிடக்கிறது, அதன் வேர் அடிமைமுறையில் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. கட்மன் இந்த கேமரன்–பென்னிஹன் (பென்னிஹன் என்பது டங்கன் கேமரனின் மாமனார் குடும்பம்) பண்ணையின் பிறப்புப் பட்டியல்களையும் வேறு பண்ணைகளின் பட்டியல்களையும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கோத்துப் பார்த்தார். மகனுக்கு அப்பா பெயர், பேரனுக்குத் தாத்தா பெயர். ரத்த உறவுக்குள் கல்யாணத்தைத் தவிர்த்திருக்கிறார்கள். சட்டம் அங்கீகரிக்காத திருமணங்கள் பல பத்தாண்டுகள் நீடித்திருக்கின்றன. எப்போது யாரை விற்பார்கள் என்று தெரியாத நிலையில், பெயரை வைத்தாவது குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1976இல் புத்தகமாக வந்தது. இத்தனைக்கும் ஆதாரம் நீங்கள் கழித்துவிடப் பார்க்கிற அதே வகைக் காகிதம். அழகான கடிதம் ஒன்றிலிருந்துகூட இதை எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அழகான கடிதம் எழுதியவர்களுக்கு இது தெரியாது.

இனி அந்த ‘நல்ல மனிதர்’. தம்பி, கோபப்படாதீர்கள், ஆனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியிருக்க வேண்டாமா? டங்கன் கேமரன் மகள்களுக்காக அழுதார், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் வீட்டில் மேரி வாக்கர் என்ற ஒருத்தி அடிமையாக இருந்தாள். 1848இல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் தப்பி ஓடினாள். அவளுடைய தாயும் பிள்ளைகளும் வட கரோலினாவிலேயே மாட்டிக்கொண்டார்கள். 1859இல் அவளுக்காக பீட்டர் லெஸ்லி என்பவர் கேமரனின் மகள் மில்ட்ரெடுக்குக் கடிதம் எழுதுகிறார், அந்தப் பிள்ளைகளை விலைக்காவது விடுவியுங்கள், தாய் ஏங்கிச் சாகிறாள் என்கிற தொனியில். பிள்ளைகள் தாயிடம் வந்து சேர்ந்தது 1865இல், போர் முடிந்து அடிமைமுறையே ஒழிந்த பிறகுதான். அந்தக் கடிதம் கேமரன் காகிதங்களுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் கண்கலங்கிய கோப்புறைகளோடு. டங்கனின் மகன் பால் கேமரன் 1844இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அலபாமாவில் புதிதாக வாங்கிய பண்ணைக்கு அனுப்பினார், போருக்கு முந்தைய நாட்களில் கிட்டத்தட்ட 30,000 ஏக்கரும் 900 மனிதர்களும் அந்தக் குடும்பத்தின் வசம். ஸ்டேக்வில்லில், டர்ஹமுக்குப் பக்கத்தில்தான், அவர்கள் குடியிருந்த வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. கேரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மேப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். அப்புறம் நல்லவரா கெட்டவரா என்று பேசலாம். தன் வீட்டுச் சாவுக்கு அழுவது நல்ல மனிதரின் அடையாளம் என்றால் உலகத்தில் கெட்டவரே இருக்க முடியாது.

அதே தொகுப்பில் டேவிட் ஸ்வெய்ன் காகிதங்களையும் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் தலைவராக 1835 முதல் 1868 வரை இருந்தவர். ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்ற அடிமைக் கவிஞர், பழம் விற்க சேப்பல் ஹில்லுக்கு நடந்து வந்து, மாணவர்களின் காதலிகளுக்காகக் கவிதை கட்டிக் கொடுத்து, கவிதைக்கு 25 முதல் 75 சென்ட் வரை வாங்கியவர். 1829இலேயே அவர் கவிதைகள் புத்தகமாக வந்துவிட்டன. அந்தப் பணத்தில் விடுதலை வாங்கலாம் என்ற கணக்கு பலிக்கவில்லை. நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு உதவி கேட்டு எழுதி, அனுப்பச் சொல்லி ஸ்வெய்னிடம் கொடுத்தார். ஸ்வெய்ன் அனுப்பவில்லை. தன் காகிதங்களோடு வைத்துக்கொண்டார். அதனால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது, இதற்கு ஸ்வெய்னுக்கு நன்றி சொல்வதா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

உங்கள் தாத்தா பெட்டிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இதே தேர்வு நடந்து முடிந்துவிட்டது. பெரியப்பா காலமானதும் அத்தைமார் உட்கார்ந்து பிரித்தார்கள். கலெக்டரோடு நிற்கும் போட்டோ, கோயில் மரியாதைக்கு வந்த தாக்கீது, தாத்தா மதராஸிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் பத்திரமாக வைக்கப்பட்டன. நெல் அளந்த நோட்டுகள் எடைக்குப் போயின. அந்த நோட்டுகளில் பண்ணையில் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரும், அவர் வாங்கிய நெல்லும், கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வாங்கிய கடனும், ரேகை உருட்டியதும் இருந்தன. சிறு வயதில் நானே பார்த்திருக்கிறேன். இன்று அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறாள், தன் பூட்டனைப் பற்றி ஏதாவது இருக்குமா அக்கா என்று என்னைக் கேட்டாள். கலெக்டர் போட்டோவை எடுத்துக் காட்டவா முடியும்?

அமெரிக்க அடிமைமுறையும் நம் ஊர்ப் பண்ணையாள் முறையும் ஒன்று என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அதற்கு வேறு கட்டுரை எழுத வேண்டும், எனக்கு இப்போது நேரமில்லை. நான் சொல்வது கணக்கு நோட்டைப் பற்றி மட்டும். கடிதம் உங்கள் குடும்பத்துடையது. கூலிக் கணக்கு உங்கள் குடும்பத்துடையது மட்டும் அல்ல, அதைக் கழித்துவிட உங்களுக்கு என்ன உரிமை? குடும்ப வரலாறு எழுத ஆசை என்கிறீர்கள், எழுதுங்கள், ஆனால் டைரியை மட்டும் வைத்து எழுதினால் அது தாத்தாவைப் பற்றித் தாத்தாவே எழுதியதாகத்தான் இருக்கும்.

டிசம்பரில் போனதும் பெட்டியைத் திறந்து, எது எதன் மேல் இருக்கிறது என்பதை அப்படியே போட்டோ எடுங்கள். கயிறு போட்டுக் கட்டியிருக்கிற கட்டுகளைக் கலைத்து, கடிதம் தனி ரசீது தனி என்று அடுக்காதீர்கள். எந்த ரசீது எந்தக் கடிதத்தோடு கட்டியிருக்கிறது என்பதே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுங்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். கரையானும் இராமபாணப் பூச்சியும் இருந்தால் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். அந்த நோட்டில் இருக்கிற பெயர்களை அடையாளம் சொல்ல ஊரில் பெரியவர்கள் யாராவது இருப்பார்கள், முதலாளி வீட்டுத் தெருவில் மட்டும் கேட்காமல் மற்றத் தெருக்களிலும் போய்க் கேளுங்கள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, கொடுத்தால் காப்பி குடித்துவிட்டு.

ஸ்கேனருக்குக் கடைக்காரரைக் கேளுங்கள். நல்ல போன் கேமராவே போதும் என்பது என் கட்சி.