நாகலிங்கப் பூ கிளையில் வராமல் அடிமரத்தில் பூப்பது ஏன், மரத்துக்கு ஏதாவது நோயா?

நோயெல்லாம் இல்லை, அதன் இயல்பே அதுதான். பலா, கோகோகூட இப்படித்தான் அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கும். நாகலிங்கத்தில் பூப்பதற்கென்றே இலையில்லாத தனிக் கொம்புகள் அடிமரத்திலிருந்து தொங்கும். 20 செ.மீ. குறுக்களவுக்கு உருண்டு திரளும் காயை நுனிக்கிளையில் மாட்டிவிட்டால் என்னாகும், யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் படுவது பூதான். நாம் நாகத்தின் படம் என்று கும்பிடுகிறோமே, அதுவும் நடுவில் லிங்கத்தைச் சுற்றியிருக்கும் வளையமும் மகரந்தத் தாள்கள்தான், ஆனால் வேலை வேறு வேறு: பூவில் தேன் கிடையாது, அதனால் படத்திலுள்ள மலட்டு மகரந்தத்தை எடுக்க தச்சுத் தேனீ உள்ளே நுழைகிறது, நுழைகிற இடுக்கில் வளையத்தின் வளமான மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது.

அப்புறம், சிவன் கோயிலில் பார்த்தே பழகிய மரம் என்றாலும் பூர்வீகம் தென் அமெரிக்கா. பூவின் மணத்தை நம்பிப் பழத்தை உடைத்துவிடாதீர்கள், காற்றுப் பட்டதும் சதை நீலம் பாரித்து நாறும். காய்க்கும் மரத்தடியில் வண்டியையும் நிறுத்தாதீர்கள்.