சிற்றலை வானொலிக்கு நீளமான கம்பி கட்டியும் இரைச்சல்தான் கேட்கிறது. கம்பியை இன்னும் நீட்டலாமா?

நீட்ட வேண்டாம். மொட்டை மாடியில் 25 மீட்டர் கம்பி கட்டி, ஜன்னல் வழியாக இறக்கி, ரேடியோவின் குச்சி ஏரியலில் கிளிப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிற்றலை கேட்கத் தொடங்கும் பலரும் முதலில் செய்வது இதுதான். நானும் இப்படியே கட்டி ஓராண்டுக்கு மேல் அவதிப்பட்டேன். உங்கள் கம்பியின் நீளம் போதும். அது தொங்கும் இடத்தையும் வீட்டுக்குள் வரும் விதத்தையும்தான் மாற்ற வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு மின்வெட்டு இரவில். ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. 31 மீட்டர் பட்டையில், 9500 கிலோஹெர்ட்ஸை ஒட்டித் தேடிக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கக் கரண்ட் போனது. அதுவரை ஈ மொய்ப்பதுபோல் இருந்த இரைச்சல் சட்டென்று அடங்கி, அதன் அடியிலிருந்து ஒரு பெண் செய்தி வாசிக்கும் குரல் தெளிவாக மேலே வந்தது. அதே கம்பி, அதே ரேடியோ. இருபது நிமிடத்தில் கரண்ட் வந்ததும் அந்தக் குரல் மறுபடி மூழ்கிப்போனது.

மறுநாள் மெயின் சுவிட்சை அணைத்து, எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு மின்சுற்றுக்கும் உள்ள சுவிட்சுகளை) எல்லாம் இறக்கிவிட்டு, ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டேன். பிறகு மெயினைப் போட்டு, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். மாடிப்படியில் எரிந்த ஒரு எல்.இ.டி. பல்பும் ஒரு கைபேசி சார்ஜரும் பெரும்பகுதி இரைச்சலுக்குக் காரணம். அவற்றை மாற்றினேன். நீங்களும் காசு செலவழிக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மெயினை அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால், அது பக்கத்து வீட்டிலிருந்தோ தெருக் கம்பியிலிருந்தோ வருகிறது.

அடுத்து, இடம். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயற்கையான வான் இரைச்சலே பலமானது. சில மீட்டர் கம்பியே அதைப் பிடித்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் நிலையத்தோடு இரைச்சலும் சேர்ந்தே ஏறும். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். என்னுடைய முதல் கம்பி 30 மீட்டர். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயருக்கு இணையாக மாடியில் ஓடியது. அதை 16 மீட்டராக வெட்டி, கொல்லைப்புறத்தில் தென்னைக்கும் கிணற்றடியில் நட்ட இரும்புக் குழாய்க்கும் இடையே, சர்வீஸ் ஒயருக்குக் குறுக்குவாட்டில் கட்டினேன். நீளம் பாதியானது; கேட்கும் நிலையங்களோ கூடின. தென்னை காற்றில் ஆடும் என்பதால் நைலான் கயிற்றில் சற்றுத் தொய்வு விட்டுக் கட்டுங்கள். இரு முனையிலும் கம்பிக்கும் கயிற்றுக்கும் இடையே பி.வி.சி. குழாய்த் துண்டு வைத்தால் போதும். கம்பி அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்ப்பது கட்டாயம்.

இனி, வீட்டுக்குள் கொண்டுவருவது. ஜன்னல் வழியாக இறங்கும் வெறும் கம்பியும் ஏரியலின் ஒரு பகுதியே. அறைக்குள் இருக்கும் அத்தனை சார்ஜர்களின் இரைச்சலையும் அது குடித்துக்கொண்டுதான் ரேடியோவுக்கு வருகிறது. அதற்குப் பதில் கேபிள் டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளே போதும். ஆனால் அதைக் கம்பியில் நேராக இணைத்தால் பொருந்தாது; ஒரு முனையில் எடுக்கும் கம்பியின் மின்மறிப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) பெரும்பாலும் சில நூறு ஓம் இருக்கும். நடுவே அந்த மின்மறிப்பை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் 9:1 மின்மாற்றி ஒன்று வேண்டும்.

இதை நீங்களே சுற்றிவிடலாம். '43' ரக ஃபெரைட் வளையம் ஒன்று வாங்கி, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் செம்புக் கம்பியால் ஒரு பக்கம் 12 சுற்று, மறுபக்கம் தனியாக 4 சுற்று. பழைய கணினி மின்வழங்கியில் இருக்கும் மஞ்சள் வெள்ளை வளையம் இதற்கு ஆகாது. நான் அதில் சுற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். எனாமலைச் சுரண்டி, செம்பு பளபளவென்று தெரிந்த பிறகு ஈயம் வையுங்கள். 12 சுற்றின் ஒரு முனை ஏரியலுக்கு, மறுமுனை அங்கேயே ஈரமான மண்ணில் அடித்த ஒன்றரை மீட்டர் எர்த் கம்பிக்கு. 4 சுற்றின் இரு முனைகளும் கேபிளின் நடுக்கம்பிக்கும் மேல்வலைக்கும். இரண்டு சுருள்களையும் எங்கும் இணைத்துவிடாதீர்கள். அவை தனித்தனியாக இருப்பதால்தான் கேபிளின் மேல்வலை வழியாக வரும் வீட்டு இரைச்சல் ஏரியலுக்குத் தாவுவது குறைகிறது. மின்மாற்றி வீட்டிலிருந்து தள்ளி, கம்பியின் அடியில் இருக்க வேண்டும். கேபிளைத் தரையோடு தரையாக ஓட்டுங்கள். பிளக்கின் மூன்றாம் துளையில் வரும் வீட்டு எர்த்தை ஏரியல் எர்த்தாகப் பயன்படுத்த வேண்டாம்; சத்தமெல்லாம் அதில்தான் ஓடுகிறது.

உங்களுடையது கையடக்க ரேடியோ என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய ஏரியல் மாட்டியதும், சிற்றலையில் இருக்கக்கூடாத இடத்திலெல்லாம் உள்ளூர் மத்திய அலை நிலையம் கேட்டால், ரேடியோ திணறுகிறது என்று பொருள். ரேடியோவில் டிஎக்ஸ் (தொலைதூரம்), லோக்கல் (அருகில்) என்று போட்ட சுவிட்ச் இருந்தால், அதை லோக்கலுக்குத் தள்ளிப் பாருங்கள்.

மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் ஒரே நிலையத்தில் ஒப்பிடுங்கள். நான் வைத்திருப்பது சீனாவின் பி.பி.எம். நேரக்குறிப்பு நிலையம், 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கொரு டிக் வரும். அந்த டிக், இரைச்சலுக்கு மேல் எவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்பதை மட்டும் கேளுங்கள். முள்ளைப் பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழை வருமுன் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். எர்த் கம்பி இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அது காற்றில் சேரும் மின்னூட்டத்தை மெல்ல வடிய வைக்குமே தவிர, நேராக விழும் இடியைத் தாங்காது. இடி கேட்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேபிளைத் தொடவே வேண்டாம்.