18,000 ரூபாய்ப் பட்டியலும் ஐந்து பழைய வேட்டியும்

கேள்வி: டாக்டர், எனக்கு இப்போது 33 வாரம், முதல் பிரசவம். நவம்பர் கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூர் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் ஆன்லைனில் வாக்கர், பால் புட்டி செட், ஸ்டெரிலைசர், கடுகுத் தலையணை, பவுடர், கிரைப் வாட்டர் என்று 18,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். மாமியாரோ பிள்ளை பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இந்த விஷயத்தில் நான் முக்கால்வாசி உங்கள் மாமியார் பக்கம் அம்மா. முன்கூட்டி வாங்கினால் ஆகாது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிள்ளை தங்குமா தங்காதா என்று வீட்டுக்கு வீடு பயந்த காலத்தில் வந்த வழக்கம் அது, அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. ஆனால் முதல் வாரத்துக்கு வேண்டியதில் பெரும்பாலானவை உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

முதலில் துணி. பிறந்த குழந்தை ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர், மலம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும், உங்களுக்கோ பிரசவம் ஐப்பசி, கார்த்திகை மழையில், துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகும், அதனால் முப்பது துண்டாவது கையில் இருக்க வேண்டும். அப்பா கட்டிப் பழசான நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் தாராளமாக ஆறு துண்டு வரும். ஐந்து வேட்டி இருந்தால் கணக்கு முடிந்தது. பலமுறை துவைத்து நைந்த பருத்தியைப் போல மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. துவைத்து, கிடைக்கிற வெயிலில் காய வைத்து, ஈரம் நிற்காமல் இஸ்திரி போட்டு மடித்து வையுங்கள்.

இதில் ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும், அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பிறந்து நாலே நாளான குழந்தையை உடம்பெல்லாம் மஞ்சளாக என்னிடம் தூக்கி வந்தார்கள். சுற்றியிருந்த புடவைத் துணியை விலக்கக் குனிந்தபோதே பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பல வருடமாகப் பெட்டியில் உருண்டை போட்டுப் பாதுகாத்த பாட்டியின் புடவை, ஆசையாக எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள் காமாலை விறுவிறுவென ஏறும், அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். அந்தக் குழந்தை விளக்கு வெளிச்சச் சிகிச்சையில் தேறிவிட்டது. உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதனால் உருண்டையோடு கிடந்த துணி எதுவும் குழந்தைக்கு வேண்டாம், எவ்வளவு ராசியான துணியாக இருந்தாலும் சரி.

இனி கணவரின் பட்டியல். பால் புட்டியும் ஸ்டெரிலைசரும் நீக்குங்கள். நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பால் புட்டிக்கும் குழந்தைப் பால் பவுடருக்கும் விளம்பரமே செய்யக் கூடாது, அவ்வளவு தூரம் யோசித்துப் போட்ட சட்டம் அது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், குழந்தைக்கும் அது போதும். அந்த நேரத்தில் வீட்டில் டின் இருந்தால், ராத்திரி குழந்தை அழும்போது யாராவது ஒருவர் 'பால் பத்தவில்லை' என்று சொல்லி அதைத் திறந்துவிடுவார்கள், இதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) போதும், கழுவிக் கொதிக்க வைப்பதும் சுலபம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர கிரைப் வாட்டர், சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது.

கடுகுத் தலையணை தேவையே இல்லை. தலை தானாக உருண்டு வரும், பிறந்த குழந்தை முகத்தருகே தலையணை எதுவும் இருக்கக் கூடாது, மூச்சு அடைத்துவிடும். மல்லாக்கப் படுக்க வைக்க, அமுங்காத தட்டையான விரிப்பு ஒன்று போதும். தூளி கட்டுவோமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: முதல் சில மாதம் தூளியில் தூங்க விட வேண்டாம், கழுத்து மடங்கி மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம். பவுடரின் தூள் நுரையீரலுக்குள் போகும், அதுவும் வேண்டாம். வாக்கரைக் கனடாவில் 2004இலிருந்து விற்கவே தடை. படியில் உருளுவதும் அடுப்பு வரை போவதும் அதனால்தான், குழந்தை சீக்கிரம் நடக்கவும் அது உதவாது.

சரி, எதை வாங்கலாம்? ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காட்டினால் வீட்டு மருந்து எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மழைக்காலம் என்பதால் குடை மாதிரி விரியும் கொசுவலை. ஆஸ்பத்திரி இரவுகளுக்கும் பயணத்துக்கும் சின்ன டயாபர் பாக்கெட் ஒன்றே ஒன்று. முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா நாலைந்து, அதற்கு மேல் வேண்டாம், ஐந்து மாதத்தில் குழந்தை எடை இரண்டு மடங்காகிவிடும். கையுறை வாங்கினால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பிரிந்த நூல் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

உங்களுக்கென்று எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். முன்பக்கம் திறக்கிற பருத்தி நைட்டி மூன்று, பெரிய நாப்கின் இரண்டு பாக்கெட், பால் கொடுக்கும்போது தாகம் எடுக்கும் என்பதால் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க ஒரு தண்ணீர் பாட்டில், இவற்றை அவரிடம் முதலில் வாங்கச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, சோப்பு என்று 16 பொருள் வரும், அது தெரியாமல் இரட்டிப்பாக வாங்காதீர்கள். மிச்சப் பணம் வண்டிக்கும் திடீர்ச் செலவுக்கும் கையில் இருக்கட்டும்.

36வது வாரத்துக்குள் பையைக் கட்டிவிடுங்கள்: பத்துத் துணி, ஜப்லா இரண்டு, உங்கள் நைட்டி, ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எழுதிய அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்). பை எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் கணவருக்கும் இப்போதே காட்டி வையுங்கள்.