கட்டாய ராணுவமும் கல்யாணத் தரகரும்

அன்புள்ள ஐயா,

டென்மார்க்கில் 2025 ஜூலையிலிருந்து பதினெட்டு வயதாகும் பெண்களையும் கட்டாய ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் சேர்த்துவிட்டதாகச் செய்தி பார்த்தோம். அன்று ராத்திரி வீட்டில் ஒரே சண்டை. "சம உரிமை கேட்டால் துப்பாக்கியும் தூக்கட்டும்" என்கிறார் என் மச்சான். "தூக்கத்தானே கேட்கிறேன், நீங்கள்தான் விடமாட்டேன் என்கிறீர்கள்" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அவளுக்கு அக்னிவீர் (நான்கு வருட ராணுவ வேலை) தேர்வு எழுத ஆசை. பெண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதும் சண்டைக்கு அனுப்புவதும் சரியா?

ஒரு வாசகர், பர்கூர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி பதிலை உங்கள் மகளே சொல்லிவிட்டாள். நம் நாட்டில் ஆணுக்கே கட்டாய ராணுவம் கிடையாது. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்கு வண்டிகள் வரும் நேரத்தில் நான் நடக்கப் போவேன். ராணுவத்தில் சேர ஆசைப்படும் பையன்கள் சாலையோரமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளாக ஒரு பெண்ணும் ஓடுகிறாள். சுடிதாருக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டை. பின்னால் மொபெட்டில் அவள் அப்பா, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வருவார். 1.6 கிலோமீட்டர் முடிந்ததும் செல்போனைப் பார்த்து நேரம் சொல்வார்.

அந்தப் பையன்களுக்குக் காலாட்படை, பீரங்கிப்படை என்று பல வாசல். தரைப்படையில் சிப்பாயாகச் சேர அவளுக்கு இருப்பது ராணுவப் போலீஸ் என்ற ஒரே வாசல். அதிலும் முதல் அணி பயிற்சி முடித்து வந்தது 2021இல்தான். பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணி பெற 2020 வரை உச்ச நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது. 2016இலிருந்து பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள், ஆனால் காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் திறக்கவில்லை. வருகிறேன் என்பவளை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, இழுத்தால் வருவாயா என்று கேட்கிறார் உங்கள் மச்சான்.

சண்டைக்கு அனுப்புவது பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. அந்த வேலைக்கு என்ன உடல்தகுதி வேண்டுமோ அதை எல்லோருக்கும் ஒரே அளவாக வைக்கட்டும். தேறினவர் போகட்டும், தேறாதவர் ஆணானாலும் வீட்டுக்கு வரட்டும்.

கட்டாயம்தான் வில்லங்கம். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பாருங்கள். பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம், அதில் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று நானும் யோசித்ததுண்டு.

நார்வேயில் 2015இலிருந்து சட்டம் இருபாலருக்கும் பொது. ஆனால் ஆர்வத்தையும் கேட்டுக்கொண்டு கொஞ்சம் பேரைத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள். இஸ்ரேலில் 1949இலிருந்தே பெண்களுக்கும் கட்டாயம், ஆனால் கல்யாணமானவளுக்கு விலக்கு உண்டு. அந்த ஒரு விலக்கை நம் பக்கம் கொண்டுவந்து பாருங்கள். இப்போதே தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாராவது போன் போட்டு, குழந்தைக் கல்யாணத்தைத் தாலி கட்டும் நேரத்தில் அதிகாரிகள் வந்து நிறுத்தும் கதை புதிதில்லை. "பதினெட்டு முடிந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே தரகர் வாசலில் நிற்பார். பெண்ணைக் காப்பாற்றப் போட்ட விலக்கு அவளை நேரே மணவறையில் கொண்டுபோய் உட்கார வைக்கும்.

எனக்கு யாரையும் பிடித்துக்கொண்டு போவதில் உடன்பாடில்லை, ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். அப்படியும் ஒரு நாள் போர் வந்து சட்டம் வந்தால், பெண் என்பதற்காக மட்டும் விலக்கு வேண்டாம், கல்யாணத்துக்காக வேண்டவே வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் அம்மா, அப்பா இருவரில் ஒருவரை வீட்டில் விடட்டும்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அக்னிவீர் ராணுவப் போலீஸ் வேலைக்குப் பெண்களிடம் 162 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். மச்சானோடு சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அவளைச் சுவரோரமாக நிற்க வைத்து அளந்து பாருங்கள்.