லேசிக்: பவர் எங்கே பிசகுகிறது? (கேள்வி பதில்)

லேசிக் என்பது கருவிழியை லேசரால் சீவிக் கண்ணாடிப் பவரைக் குறைக்கும் அறுவை சிகிச்சை. அதற்கு முன் கண்ணை அளவெடுப்பது என் வேலை. துல்லியம் பற்றி மட்டும் கேளுங்கள். செலவைப் பற்றி வேண்டாம்.

கே: எல்லாம் கம்ப்யூட்டர் லேசர்தானே, பிறகு ஏன் 0.5 பவர் மிஞ்சுகிறது?

இதற்கான எக்சைமர் லேசரின் ஒரு துடிப்பு கருவிழியில் சீவுவது சுமார் கால் மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு டயாப்டர் (பவரின் அலகு) இறக்க ஏறக்குறைய 12 மைக்ரான் போகும். அதில் பிசகு குறைவு. எத்தனை டயாப்டர் என்று அதற்குச் சொல்வது நாங்கள். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையே துல்லியமாகச் சீவிவிடும். இளவயதுக்காரர்கள் பரிசோதனையின்போது தம்மையறியாமல் கண்ணைக் குவிப்பார்கள். இல்லாத மைனஸ் ஏறும். சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்ப்பது அதற்குத்தான்.

அப்புறம் கான்டாக்ட் லென்ஸ். அது கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும். ஒருவர் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். மூக்கில் கண்ணாடித் தடமே இல்லை. கேட்டால், நேற்று இரவு வரை லென்ஸ்! திருப்பி அனுப்பினேன். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் ஒரு மாதமாவது கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கே: எனக்கு -3. பூஜ்யம் ஆகுமா?

வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஓராண்டாகப் பவர் 0.5க்கு மேல் மாறவில்லை என்றால்.

கே: எனக்கு -8.50.

ஐந்து சதவீதம் பிசகினால் -2 காரருக்கு 0.1தான், உங்களுக்கு 0.4 தாண்டும். ஆறும்போது மேல்தோல் தடித்துக் கொஞ்சம் பவர் திரும்பவும் கூடும். கருவிழித் தடிமனையும் பார்க்க வேண்டும். உள்ளே பொருத்தும் லென்ஸ் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: அறை ஈரப்பதமும் காரணம் என்பது கட்டுக்கதை.

இல்லை ஐயா. சீவுவதற்காகக் கருவிழியின் மேல் வெட்டிய மெல்லிய மடலைத் தூக்கியதும் திசு காயத் தொடங்கும். காய்ந்த திசுவில் ஒவ்வொரு துடிப்பும் கூடுதலாகச் சீவும்; பவர் பிளஸ் பக்கம் போய்விடும். நீர் தேங்கினால் குறைவாகச் சீவும்.

கே: லேசரைத்தான் முன்கூட்டியே சோதிக்கிறார்களே?

பிளாஸ்டிக் தகட்டில் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக் காயாது, கருவிழி காயும்.

கே: சிலிண்டர் பவர்?

சிலிண்டர் என்பது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும் பவர்; கோணம் தப்பக் கூடாது. படுத்தால் கண் லேசாகச் சுழலும். 4 டிகிரி விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 14 சதவீதம் வீண். 30 டிகிரி என்றால் குறைப்பே இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே வெண்விழியில் மையால் குறி வைப்பார்கள், அல்லது கருவியே ஐரிஸ் ரேகைகளை ஒப்பிட்டுத் திருப்பிக்கொள்ளும்.

கே: -2.75. பூஜ்யம் ஆகுமா?

-3க்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: லென்ஸைக் கழற்றி மூன்று நாள் போதாதா?

போதாது. கண்ணாடி போடுங்கள்.

கே: குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன்.

தள்ளிப்போடுங்கள். ஹார்மோன் மாற்றத்தால் பவர் ஆடும்.

கே: (ஈரப்பதக்காரர்) சரி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு -3.25, நாளை அளவெடுக்கப் போகிறேன். பூஜ்யம் ஆகுமா?

லென்ஸைக் கழற்றி எத்தனை நாளாயிற்று?