பாம்பு விஷ மருந்துகளின் மனக்குறிகள்: கேள்வி பதில்

ஹோமியோபதிக் கல்லூரியில் மெட்டீரியா மெடிக்கா, அதாவது எந்த மருந்துக்கு என்ன குறிகள் என்ற பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பாம்பு விஷத்திலிருந்து செய்யும் லேக்கசிஸ் (புஷ்மாஸ்டர்), நாஜா (நல்ல பாம்பு), குரோட்டாலஸ் (கிலுகிலுப்பைப் பாம்பு), இலாப்ஸ் (பவளப்பாம்பு) பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. பாம்பு கடித்தவருக்கு இந்த மருந்துகள் எதுவும் உதவாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி (மதுரை, மாணவி): லேக்கசிஸ், நாஜா இரண்டும் உடலின் இடப்பக்கத் தொல்லைகளுக்குச் சொல்லும் மருந்துகள். இரண்டிலும் மனக்கலக்கம். தேர்வில் எப்படிப் பிரித்து எழுதுவது, சார்?

பேச்சை வைத்துப் பிரியுங்கள் அம்மா. லேக்கசிஸ் ஆள், அதாவது அந்த மருந்தின் குறிகள் பொருந்துகிறவர், பேசிக்கொண்டே இருப்பார். ஒரு விஷயத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவார். சந்தேகமும் பொறாமையும் அதிகம். தூங்கி எழுந்ததும் எல்லாம் மோசமாகும். கழுத்தில் காலர்கூட இறுக்கமாக இருக்கக் கூடாது. உடலிலிருந்து ஏதாவது வெளியேறினால் நிம்மதி, மாதவிலக்கு தொடங்கியதும் தொல்லை குறையும். அந்தப் பேச்சையும் ஒரு வெளியேற்றமாகவே பாருங்கள், படம் மனதில் நிற்கும்.

நாஜா இதற்கு நேர் எதிர். பேசப் பிடிக்காது. இல்லாத துன்பத்தை நினைத்து நினைத்து உள்ளுக்குள் மறுகுவார், தற்கொலை எண்ணம்வரை போகும். கூடவே இதயத் தொந்தரவு இருக்கும். குரோட்டாலஸில் மனம் மந்தம், மறதி. ரத்தக்கசிவும் வலப்பக்கமும் முன்னால் நிற்கும். இலாப்ஸுக்குத் தனியாக இருக்கப் பயம், மழைக்குப் பயம், யாரோ பேசுவது போலக் காதில் கேட்கும். அமெரிக்க ஹோமியோபதி மருத்துவர் கென்ட் புரூவிங் செய்த (மருந்தை நலமானவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் உணர்வதை எழுதி வைப்பது) சென்கிரிஸ் என்ற இன்னொரு பாம்பு விஷ மருந்தில் உயிரோட்டமான பயங்கரக் கனவுகளும் திடீரென்று செத்துவிடுவோமோ என்ற பயமும். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

கேள்வி (சேலம்): என் கணவர் எப்போதும் சந்தேகப்படுகிறார். லேக்கசிஸ் கொடுக்கலாமா?

ஒரு குறியை வைத்து மருந்து இல்லை. அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (கோவை, பயிற்சி மருத்துவர்): பாம்பின் குணத்தைப் பார்த்தாலே மருந்தின் குணம் தெரியும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பாம்பு படம் எடுத்து எச்சரிக்கும், எளிதில் கடிக்காது. அதனால் நாஜா ஆள் கண்ணியமானவர், பொறுத்துப் போகிறவர். இது சரிதானே?

சரியில்லை, தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1828-இல் தென் அமெரிக்காவின் சூரினாமில் ஹோமியோபதி மருத்துவர் கான்ஸ்டன்டைன் ஹெரிங் புஷ்மாஸ்டர் பாம்பின் விஷத்தைப் பால் சர்க்கரையோடு அரைத்தார். அரைக்கும்போதே நினைவு தப்பிப் பிதற்றினார், மனைவி பக்கத்தில் இருந்து எழுதி வைத்தார் என்பது நம் மரபில் சொல்லும் கதை. லேக்கசிஸ் படத்தின் தொடக்கம் அங்கேதான். பாம்பு என்ன செய்கிறது என்று பார்த்து எழுதியதில்லை, மனித உடம்பில் என்ன நடந்தது என்று பார்த்து எழுதியது. அந்தப் பாம்பு எப்படிப்பட்டது தெரியுமா? காட்டில் இலைச் சருகுக்குள் அசையாமல் கிடந்து, இரவில் இரை வருவதற்காகக் காத்திருக்கும். அப்படி அடங்கிக் கிடக்கும் பாம்பிலிருந்துதான் நம் நூல்களிலேயே அதிகம் பேசும் மருந்துகளில் ஒன்று வந்தது. குணத்தைப் பார்த்து எழுதியிருந்தால் லேக்கசிஸை ஊமை என்றல்லவா எழுதியிருப்பார்கள்?

கேள்வி (அதே பயிற்சி மருத்துவர்): ஆனால் பல நோயாளிகளிடம் பொருந்துகிறதே, சார்?

பொருந்தத்தான் செய்யும். கண்ணியம், பொறுமை, உள்ளே கோபம் என்று சொன்னால் யாருக்குப் பொருந்தாது? இலாப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் பவளப்பாம்பு, மழைக்காட்டிலும் வாழ்வது. அதன் வாழ்க்கையைப் பார்த்து மழைப் பயத்தை உங்களால் ஊகிக்க முடியுமா? புரூவிங் குறிப்பேட்டில் இருப்பதால்தான் நமக்குத் தெரியும். புரூவிங்கிலும் ஓட்டை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். என்ன மருந்து என்று தெரிந்தே எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆனாலும் ஒரு மனிதர் உணர்ந்து எழுதியது அது. பாம்பின் மேல் நம் கற்பனையை ஏற்றி, அதை நோயாளியின் மேல் இறக்குவது வேறு வேலை.

கேள்வி (சென்னை, வேதியியல் ஆசிரியர்): 30சி வீரியத்தில் விஷம் ஒரு மூலக்கூறுகூட இருக்காதே?

இருக்காது. 30சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. 12சி தாண்டினாலே அதற்கு வாய்ப்பு போய்விடுகிறது. 2015-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன்படுகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்றது. என் மாணவர்களிடம் இதை நான் மறைத்ததில்லை. இங்கே நான் சொல்வது நூல்களில் எழுதப்பட்ட படங்கள், குணமாகும் என்ற உறுதிமொழி அல்ல.

கேள்வி (ஈரோடு): மனைவிக்குப் பொறாமை அதிகம், லேக்கசிஸ் 200 எத்தனை உருண்டை?

சேலத்துக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (திருநெல்வேலி): மாமியாருக்கு லேக்கசிஸ்...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

கேள்வி (விழுப்புரம், விவசாயி): வயலில் கட்டுவிரியன் நடமாட்டம். முன்கூட்டியே நாஜா சாப்பிட்டு வைத்தால் விஷம் ஏறாதாமே?

ஐயா, அப்படிச் சொன்னவரை நம்பாதீர்கள். இரவில் டார்ச்சும் முழங்கால்வரை பூட்ஸும் இல்லாமல் வரப்பில் இறங்க வேண்டாம். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். கட்டுவிரியன் தூங்குகிறவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகும். காலையில் இமை தொங்கினால், விழுங்கச் சிரமமாக இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

கேள்வி (காஞ்சிபுரம்): அப்பாவுக்குக் காலையிலிருந்து சொல்ல நினைக்கும் வார்த்தை வரவில்லை. பாத்ராப்ஸ் குறி என்று படித்தேன். எந்த வீரியம்?

குறியைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பாத்ராப்ஸ், கரீபியனின் மார்ட்டினிக் தீவில் உள்ள ஒரு விரியன் பாம்பின் விஷம். அது கடித்தவர்களில் சிலருக்கு ரத்தம் உறைந்து மூளைக் குழாய் அடைபடும், பேச்சு போகும். உங்கள் அப்பாவுக்கும் அந்த அடைப்பே ஏற்பட்டிருக்கலாம், பக்கவாதம். மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம், சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். இப்போதே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக அவர் நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.